கிளிப்பச்சைக் காருக்கு மாற்று இன்ஜின்

சேசு மரி சூசை

கோவில்பதாகை, ஆவடி
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் ஹெலினாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் சுகம், நடுவில் வண்டி ஒன்றுதான் செத்துப் பிழைத்தது, அதுவும் இப்போது சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையின் கடைசிப் பத்து மணியை உங்களுக்கென்று தனியாக ஒப்புக்கொடுக்கிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த அம்மாவுக்கு என்ன வந்தது, பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாள் என்று நினைப்பாய். எதிர்வீட்டு ரோஷினிக்கு உங்கள் டப்ளினிலேயே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்து இந்த வாரம் புறப்படுகிறாள், அவள் பெட்டியில் அச்சு முறுக்குக்கும் மிளகுப்பொடிக்கும் நடுவே இந்தக் கடிதம் வரும். இதில் எழுதப்போவதைப் போனில் சொல்ல முடியாது. உன் பெயர் போனில் வந்ததும் அப்பா எழுந்து உள்ளே போய்விடுவார் என்பது உனக்கே தெரியும். ஆனால் போகும்போது டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போவார் என்பதும், உள்ளே போனவர் கதவைச் சாத்த மாட்டார் என்பதும் உனக்குத் தெரியாது. எனக்குக் காது மந்தம் என்று அவராக முடிவு செய்து, நீ கூப்பிடும்போதெல்லாம் ஸ்பீக்கரைப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். நீங்கள் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் முடித்துவிட்டுப் போனில் சொன்ன அன்று போனை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியைக் கழுவப் போன மனுஷன், இந்த இரண்டு வருஷமாக உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் உன் ஆபீஸில் மேனேஜர் மாறியது வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறார். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டே, புது மேனேஜர் எப்படியாம் என்று கேட்டார். யாருடைய மேனேஜர் என்றேன். யாருடையதோ என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த வீட்டில் இரண்டு மாதமாக வேறு விஷயமே கிடையாது. என் முட்டிவலிகூட இப்போது இரண்டாம் பட்சம்தான். மழை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒருநாள் பூந்தமல்லிக்குத் துணி எடுக்கப் போயிருந்தோம். திரும்பும்போது மெட்ரோ தூண்களுக்குக் கீழே நெரிசலில் நிற்கையில் நம் வண்டி பின்னாலிருந்து நீலமாகப் புகையைக் கக்க ஆரம்பித்தது. பின்னால் வந்தவர்களெல்லாம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். ஓர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "இன்னா பெர்சு, கொசு மருந்தா அட்ச்சுகினு போற?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் சிரித்துவிட்டேன், அதற்கு அப்பா இன்னும் என்னை மன்னிக்கவில்லை. குமணன்சாவடி மெக்கானிக் ஜஸ்டினை உனக்கு ஞாபகம் இருக்கும், நீ வண்டி கற்றுக்கொண்டபோது கிளட்சை இரண்டு தடவை மாற்றிக் கொடுத்தவன். அவன் வந்து கட்டி இழுத்துக்கொண்டு போய்ப் பிரித்துப் பார்த்து, இன்ஜின் பிளாக்கிலேயே கீறல் விட்டிருக்கிறது, இதை வைத்துக்கொண்டு இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்று, டாக்டர்கள் வெளியே வந்து சொல்வார்களே அந்த மாதிரி, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். அன்று சாயந்திரம்தான் நீ கூப்பிட்டாய். காயலான் கடையில் போட்டுவிடுங்கள் அம்மா, நாங்கள் பணம் அனுப்புகிறோம், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றாய். நல்ல மனதோடுதான் சொன்னாய். ஆனால் உள்ளே ஸ்டூல் நகர்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதே போனில்தான் இன்னொன்றும் சொன்னாய். டிசம்பரில் வருகிறோம், ஏர்போர்ட் பக்கத்தில் ஓட்டலில் இரண்டு நாள் தங்கிவிட்டு போபாலுக்கு அவர் வீட்டுக்குப் போய்விடுவோம், நீ மட்டும் ஓட்டலுக்கு வந்து எங்களைப் பார், அப்பா பேசாத வீட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைக்க என்னால் முடியாது என்றாய். நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். பெற்ற பெண்ணைப் போய் ஓட்டலில் பார்த்துவிட்டு வருவது எனக்குச் செத்த வீட்டுக்குப் போய்விட்டு வருகிற மாதிரிதான். அன்றிலிருந்து இது ஒன்றுதான் என் நெஞ்சில் கிடக்கிறது.

மறுநாள் காலையில் அப்பா காபி டம்ளரைப் பார்த்து ஓர் அறிக்கை விட்டார். வண்டியை விற்பதில்லை, வேறு பழைய இன்ஜின் ஒன்று வாங்கி மாற்றுவது, சிக்கனமாகச் செய்வது, டிசம்பருக்குள் முடிப்பது. ஏன் டிசம்பர் என்று கேட்டேன். கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசைக்குப் போக வேண்டாமா என்றார். கோயில் நம் தெரு முனையில் திரும்பினால் வந்துவிடும், வண்டியில் போனால் நிறுத்த இடம் தேடி வீட்டு வாசலுக்கே திரும்பி வர வேண்டும். ஆனாலும் சரி என்று விட்டுவிட்டேன். உடனே கமிட்டி கூடியது. அப்பாவும் அவரோடு டேங்க் ஃபேக்டரியில் ரிட்டையர் ஆன இரண்டு பேரும்தான் கமிட்டி. சம்பத் அண்ணன் இன்ஜின் மாட்டுகிற செக்ஷனில் இருந்தவர், சண்முகசுந்தரம் சார் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவர், அவர் பெண் கல்யாணத்தில் பந்தியில் போட்ட வடையைக்கூட ஒன்றை எடுத்துப் பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் போடச் சொன்னார். ஆளுக்கு முப்பது வருஷம் பீரங்கி வண்டிக்கு இன்ஜின் ஏற்றி இறக்கியவர்கள் மூன்று பேர் சேர்ந்து, ஒரு தையல் மிஷினைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிற இந்த மாருதி இன்ஜினைப் பற்றி மூன்று வாரம் பேசினார்கள். ஃபேக்டரி வழக்கப்படி காலை பத்து மணிக்கு டீ, நாலு மணிக்கு டீயும் வடையும், நான்தான் கேன்டீன். துணி ஃபேக்டரியில் நான் மிலிட்டரி சட்டை தைத்த காலத்தில்கூட இவ்வளவு பேருக்கு டீ போட்டதில்லை. சம்பத் அண்ணன் டீசல் இன்ஜின் வைத்தால் நல்ல இழுவை இருக்கும் என்றார். எதை இழுக்க என்று கேட்டேன், டம்ளரை நீட்டி இன்னொரு டீ கேட்டார். சண்முகசுந்தரம் சார் வேறு ரகம் வைத்தால் ஆர்.டி.ஓ. ஒத்துக்கொள்ள மாட்டார், அதே ரகம்தான் வைக்க வேண்டும் என்று சொல்லி, ஜஸ்டின் தேடிப்பிடித்துக் காட்டிய இன்ஜின் ஒவ்வொன்றிலும் சிவப்பு அட்டை கட்டித் திருப்பி அனுப்பினார். அட்டை எங்கே கிடைத்தது என்றால், நீ பள்ளிக்கூடத்தில் கிராஃப்டுக்கு வாங்கி மிச்சம் வைத்ததாம், அப்பா எடுத்துக் கொடுத்திருக்கிறார். அப்பா மட்டும் எல்லாக் கூட்டத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார், ஏசி போட்டால் இழுக்குமா என்று. ஏசி போட்டால் பெட்ரோல் குடிக்கும் என்று சொல்லி சித்திரை வெயிலில் வேளாங்கண்ணி வரைக்கும் நம்மைக் கண்ணாடியை இறக்கிவிட்டு அழைத்துப் போன அதே உன் அப்பா ராயப்பன்தான். எனக்கு அப்போதே லேசாகச் சந்தேகம் தட்டியது.

இந்த நிலைமையில் காட்டுப்பாக்கத்தில் ஒரு டீச்சரம்மா வீட்டில் இதே ரக வண்டி ஒன்று விற்பனைக்கு இருப்பதாக ஜஸ்டின் சேதி கொண்டுவந்தான். பேங்குக்கும் ரேஷன் கடைக்கும் தவிர எங்கேயும் போகாத வண்டி. இன்ஜினை மட்டும் கொடுங்கள் என்று இவர்கள் மூன்று பேரும் போய்க் கேட்டிருக்கிறார்கள். ஆட்டில் ஈரலை மட்டும் கேட்கிற மாதிரி கேட்கிறீர்களே, எடுத்தால் முழுசாக எடுங்கள் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். நம் கமிட்டியும் சிக்கனத்தை முன்னிட்டு முழுக் காரையும் வாங்கிவிட்டது. வெள்ளை வெளேரென்று அந்த வண்டி நம் வாசலுக்கு வந்தபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இழுத்துக்கொண்டு வரவில்லை ஹெலினா, ஜஸ்டின் ஓட்டிக்கொண்டு வந்தான். புகை இல்லை, சத்தம் இல்லை, ஏசி ஓடிக்கொண்டிருந்தது, இறங்கினவன் முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. நான் ஈரத்துணியோடு வந்து சுற்றிப் பார்த்தேன். பிறகு கேட்டேன், இந்த வண்டிதான் நன்றாக ஓடுகிறதே, இதையே வைத்துக்கொண்டு அதைக் காயலான் கடையில் போட்டால் என்ன என்று. சத்தியமாகச் சொல்கிறேன், அது வரைக்கும் அந்த யோசனை மூன்று பேருக்கும் வரவில்லை. ஜஸ்டினுக்கு வந்திருக்கும், வேலை போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை. சண்முகசுந்தரம் சார் உடனே அந்த வண்டியில் குறை கண்டுபிடிக்க இறங்கினார். குனிந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மத்தியானம் சாப்பாடு முடிந்தும் பார்த்தார், கடைசியில் ஹாரன் சத்தம் கொஞ்சம் கம்மி என்றார். சம்பத் அண்ணன் அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று மெதுவாக இழுத்தார். அப்போதுதான் அப்பா சொன்னார், "ஏர்போர்ட் வாசல்ல ஆயிரம் வெள்ளக் காரு நிக்கும். அது வெளிய வந்து நம்ம வண்டிய எத வச்சு கண்டுபிடிக்கும்?"

அது என்றால் யார் என்று யாரும் கேட்கவில்லை. நான் மீதித் துணியைக் காயப்போட மாடிக்குப் போய்விட்டேன். தண்ணி லாரி உரசிப் பெயிண்ட் போனபோது, காலேஜில் சேர்ந்த புதிதில் இருந்த உன்னிடம், என்ன கலர் அடிக்கலாம் என்று அப்பா ஒரு பேச்சுக்குக் கேட்டாரே, நீ கிளிப்பச்சை என்று சொல்லிவிட்டாயே, அதற்கு அவர் எத்தனை நாள் திட்டினார். பெயிண்டர்கூட நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். இன்றைக்கும் பருத்திப்பட்டு ஏரி பக்கம் போனால் பிள்ளைகள் கிளி வண்டி கிளி வண்டி என்று கத்துகின்றன, அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். அந்தக் கலரை மாற்றச் சொல்லி நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது அதே கலருக்காக நன்றாக ஓடுகிற ஒரு வண்டியைக் கொன்று இதற்கு உயிர் கொடுக்கப் போகிறார் என்றால் நான் என்ன சொல்ல. மாடியில் நின்று கொஞ்ச நேரம் சிரித்தேன், சிரிப்போடு சிரிப்பாகக் கண்ணீரும் வந்தது. கீழே இறங்கி வந்து நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பூசைக்குத்தான் என்று மறுபடியும் ஆரம்பித்துவிடுவார்.

மாற்றுகிற வேலையை ஜஸ்டினிடமே விட்டிருந்தால் நாலு நாளில் முடிந்திருக்கும். கமிட்டி விடுமா? வேலை நம் வாசலில்தான் நடக்க வேண்டும், அதுவும் தங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும் என்றார்கள். இன்ஜினைத் தாங்குவதற்கு அடியில் ரப்பர் வைத்த கட்டைகள் மாதிரி சின்னதாக இருக்கிறதே, அதைப் பார்த்ததும் சம்பத் அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. ரப்பரை நம்பி யாராவது இன்ஜினை உட்கார வைப்பார்களா என்று கேட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் தெரிந்த பட்டறையில் சொல்லி, என் இட்லிப் பானை மூடி கனத்துக்கு இரும்புத் தகட்டில் புதிதாகத் தாங்கி செய்துகொண்டு வந்தார். பீரங்கி வண்டிக்கு அப்படித்தானாம். சண்முகசுந்தரம் சார் அதை அளந்து பார்த்து முதன்முதலாகப் பச்சை அட்டை கட்டினார். ஜஸ்டின் என்னிடம் வந்து, "அம்மா, இது பீரங்கி இல்ல, கறிகாய் வாங்கப் போற வண்டி, நீங்களாவது சொல்லுங்க" என்று கெஞ்சினான். நான் சொன்னால் கேட்கிற ஆட்களா. மாட்டி இறக்கியதும் வண்டி முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் தூக்கிக்கொண்டு, நம் ஞானசேகரன் உபதேசியார் நற்கருணைக்கு முன்னால் முழங்கால் போடுவாரே, அதே மாதிரி நின்றது. இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் வண்டி முழுக்க உதறியது. உள்ளே கட்டியிருந்த செபமாலை தானாக ஆடியது, உட்கார்ந்திருந்த அப்பாவின் பல் கடகடத்தது. இருந்தாலும் மூன்று பேரும் கை கொடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து, ஃபேக்டரி நண்பர் ஒருவர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு மூன்று பேரும் செம்பரம்பாக்கம் பக்கம் போயிருந்த நேரத்தில், நான் ஜஸ்டினைக் கூப்பிட்டு, அந்த இரும்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ரப்பர் தாங்கியையே மாட்டச் சொன்னேன். திரும்பி வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, ஓட ஓடப் பதமாகிவிட்டது பார்த்தாயா என்று சம்பத் அண்ணன் சொன்னார். அந்த இரும்புத் தாங்கியை இப்போது மீன் குழம்புச் சட்டி இறக்கி வைக்க வைத்திருக்கிறேன், நன்றாக உழைக்கிறது. வெள்ளைக் கார் இன்ஜின் இல்லாமல் சந்தில் நிற்கிறது, அதன் மேல் வடகம் காயப் போடுகிறேன். அதையும் காயலான் கடைக்குக் கொடுக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். இன்ஜின் மாறினால் ஆர்.சி. புத்தகத்திலும் நம்பரை மாற்ற வேண்டும், அதற்கு வண்டிக்குச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும். சொந்தக்காரர் யார்? என் ஃபேக்டரி சொசைட்டி லோனில் வாங்கின வண்டி, என் பெயரில் இருக்கிறது. அப்பா இதை மறந்தே போய்விட்டார். ஒருநாள் காலையில் காகிதத்தை நீட்டி, இங்கே ஒன்று போடு என்று, கேஸ் சிலிண்டர்காரர் ரசீதை நீட்டுவது போல நீட்டினார். முப்பத்திரண்டு வருஷக் குடும்பத்தில் எனக்கு முதல் தடவையாக ஒரு பிடி கிடைத்தது, விடுவேனா. ஹெலினாவோடு பேசுங்கள், பேசின பிறகு போடுகிறேன் என்றேன். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து என்னோடும் பேச்சு இல்லை, வீட்டில் அவர் பேசாத ஆட்கள் இரண்டு பேர் ஆனோம். கமிட்டி தூது வந்தது. எழுத்து வேலை முடியாமல் வண்டி ரோட்டுக்கு வந்தால் தப்பு அம்மா என்று சண்முகசுந்தரம் சார் எனக்குச் சட்டம் சொன்னார். பெற்ற பெண்ணோடு பேசாமல் இருப்பது எந்தச் சட்டம் சார் என்றேன், அன்று அவர் டீ குடிக்காமலே போய்விட்டார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். பிடிவாதத்தில் அந்த மனுஷன் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டால், நீ ஓட்டலுக்கும் நான் வீட்டுக்குமாக இந்த டிசம்பரும் போய்விடுமே என்று இருந்தது.

போன வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்றார். நான் நிமிராமல் அடுத்த மீனை எடுத்தேன். பிறகு சொன்னார், "பேசறதுக்கு எனக்கு வாய் வரல ஆரோக்கியம். என்னான்னு ஆரம்பிக்கறது? வண்டிய எட்த்துகினு போய் வாசல்ல நிக்கிறேன். அது போதாதா?" எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. கை முழுக்க மீன், கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. அவரே தோளில் இருந்த துண்டால் என் முகத்தைத் துடைத்தார், அந்தத் துண்டில் ஒரே கிரீஸ், அது வேறு விஷயம். போதும் என்றுதான் சொன்னேன் ஹெலினா. உன்னைக் கேட்காமல் உனக்காகச் சொல்லிவிட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டேன், திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி எழுதி வாங்கியாகிவிட்டது. அப்பாவிடம் உனக்கு இருக்கிற கோபம் நியாயம்தான். கல்யாணத்தை முதலில் சொல்லாமல் பிறகு சொன்னாய் என்று அவருக்கு இருக்கிற வருத்தமும் நியாயம்தான். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் நான் ஒருத்தி எத்தனை நாள் ஸ்பீக்கர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது, கை வலிக்கிறது. அவர் வாயைத் திறந்து வா என்று சொல்கிற வரைக்கும் காத்திருக்காதே. அந்த வாய் திறக்க இன்னும் நாளாகும், அதற்கெல்லாம் மாற்றிப் போடப் பழைய சாமான் எங்கேயும் கிடைக்காது.

அதனால் நான் கேட்பது இதுதான். ஓட்டலை ரத்து செய்துவிடு. வண்டி ஓட்டுகிற கம்பெனிக்கெல்லாம் போன் செய்து டாக்ஸி சொல்லி வைக்காதே. எந்த விமானம், எந்தத் தேதி, எத்தனை மணி என்று மட்டும் ஒரு வரி எழுதி அனுப்பு, அதை எனக்கு அனுப்பாதே, அப்பாவுக்கு அனுப்பு. மன்னிப்பு, விளக்கம், கும்பிடுகிற பொம்மை, பூ பொம்மை ஒன்றும் வேண்டாம், விமான நம்பர் போதும், அதை அவர் நூறு தடவை எடுத்துப் பார்ப்பார். பதில் வரவில்லையே என்று நீ நினைக்கக் கூடாது, பதில் ஏர்போர்ட் வாசலில் கிளிப்பச்சை நிறத்தில் நிற்கும். பெட்டி இரண்டுக்கு மேல் கொண்டு வந்தாலும் பரவாயில்லை, டிக்கி பத்தாது என்று டேப்பை வைத்து அளந்து பார்த்துவிட்டுக் கூரையில் கேரியர் போட்டிருக்கிறார், அதுவும் பூசைக்குத்தானாம். வரும்போது அப்பாவுக்கு ஸ்வெட்டர் கிட்டர் வாங்கி வராதே, ஆவடியில் அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவார். ரோஷினி புதிதாக வருகிற பெண், ஊர் தெரியாதவள், முதல் ஞாயிற்றுக்கிழமை அவளைக் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போ, நீயும் போன மாதிரி இருக்கும். தலைக்கு எண்ணெய் வை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பதில் பிஸ்கட் தின்னாதே. மாப்பிள்ளைக்கு மீன் வாசம் ஆகாது என்றாயே, அவர் இருக்கிற நாளில் நான் மீன் வாங்க மாட்டேன், அப்பாவையும் சமாளித்துக்கொள்கிறேன்.

சேசுவும் தேவமாதாவும் உங்கள் இரண்டு பேரையும் கண்ணின் மணியாகக் காக்கட்டும், ஒரு குறையும் இல்லாமல் வந்து சேருங்கள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. வண்டியில் ஏறும்போது நீ என்னோடு பின்னால் உட்கார், முன் சீட்டில் மாப்பிள்ளையை உட்காரச் சொல். இன்று காலையில் முதல் ஓட்டமாக என்னைக் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனார் அப்பா, அந்தத் தெருமுனை வரைக்கும். முன் சீட்டில் உட்கார்ந்தால் காலை நீட்டினாலும் முன்னால் எட்டவே இல்லை, சீட்டு எங்கேயோ பின்னால் போயிருக்கிறது. கமிட்டி இதிலும் கை வைத்துவிட்டது போல என்று நினைத்து, பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஜஸ்டினைப் பிடித்துச் சத்தம் போட்டேன். அவன் சொன்னான், "நான் இல்லம்மா, நைனாதான் சீட்டுக்கு அடியில புதுசா ஓட்ட போட்டு பின்னால தள்ளச் சொன்னாரு. போன்ல போட்டோ காமிச்சாரு. நம்ம மாப்ள ஒயரம்பா, முட்டி இடிக்கக் கூடாதுன்னாரு." நீ எனக்கு அனுப்பின கல்யாணப் போட்டோதான் அது. நான் அதை அவருக்கு அனுப்பவில்லை.

இப்படிக்கு
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
ஆரோக்கியம்மாள் ராயப்பன்